போர்டோ கலவை பிறந்த ஊரில் இப்போது குதிரை உழுகிறது

போர்டோ கலவை என்ற பூஞ்சாணக்கொல்லியைப் பற்றி நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மயில்துத்தம் என்ற செம்பு உப்பு ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணீரில் தனியாகவும், சுண்ணாம்பு ஒரு கிலோவை இன்னொரு 50 லிட்டரில் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, கடைசியில் ஒரு பளபளப்பான கத்தியை முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பழுப்பாகப் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு விட வேண்டும். பாக்கு, காபி, மிளகு, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை என்று இது போகாத தோட்டம் இல்லை. இந்தக் கலவை முதன்முதலில் பேர்பெற்றது பிரான்ஸின் போர்டோ பகுதியில், உலகத்தின் மிக விலையுயர்ந்த ஒயின்கள் சில தயாராகும் பண்ணைகளில். இன்று அதே பண்ணைகளில், 140 வருட மருந்தடிப் பழக்கத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று ஒரு தலைமுறையே போராடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போராட்டத்தின் பின்னணியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

போர்டோ நகரத்துக்கு வடக்கே கழிமுகத்தை ஒட்டி நீளமாகக் கிடக்கும் சரளைக்கல் நிலத்துக்கு மெடோக் என்று பெயர். 1882 அக்டோபர் கடைசியில் அந்தப் பக்கம் நடந்துபோன அலெக்சி மிலார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டமெல்லாம் இலை கொட்டிக் கிடக்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமல் இருக்க, ஓரத்து வரிசைகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகத் தெளித்துவைப்பது அந்த ஊர் வழக்கம். பார்த்தால் விஷம் மாதிரி இருக்கும், யாரும் கை வைக்க மாட்டார்கள். மிலார்தே அங்கிருந்த பண்ணை மேலாளர் எர்னெஸ்த் தாவீதோடு சேர்ந்து சோதனைகள் செய்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். திருடனுக்காக அடித்த நீலம் உலகம் முழுக்க மருந்தானது இப்படித்தான்.

அந்த நோய் அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுத் திராட்சைக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்த பெரிய ஆபத்துகள் மூன்றும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. 1850களில் சாம்பல் நோய். 1860களில் ஃபில்லாக்செரா, அதாவது வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும், அசுவினிக்கு உறவான ஒரு சின்னப் பூச்சி. 1878இல் அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் கிடைத்தது, அடிச்சாம்பலுக்குத் துத்தம் கிடைத்தது. ஃபில்லாக்செராவுக்கு மட்டும் கடைசிவரை நிரந்தர மருந்தே கிடைக்கவில்லை. அந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகிய அமெரிக்கத் திராட்சையின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் வழி என்று ஆனது. இன்று பிரான்ஸில் நாம் பார்க்கும் ஏறக்குறைய எல்லாக் கொடிக்கும் மேலே பிரெஞ்சு உடம்பு, கீழே அமெரிக்கக் கால்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு ஆபத்துக்கும் கிடைத்த தீர்வு வெளியிலிருந்து ஒரு பொருளாக வந்தது என்பது. பொடி வாங்கு, தெளி, ஒட்டுச்செடி வாங்கு, நடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டரும் களைக்கொல்லியும் பொட்டாஷ் மூட்டையும் வந்தபோது, அந்த மனப்பழக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிரான்ஸின் விளைநிலத்தில் திராட்சைத் தோட்டங்கள் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் நாட்டில் தெளிக்கும் வேளாண் மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது என்பது அந்த நாட்டில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. கொடியின் தண்டுநோய்க்கு சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் கலந்த அந்த மருந்தைத் தடைசெய்யவே 2001 ஆனது. 2014 மே மாதம் போர்டோவுக்கு வடக்கே வில்னவ் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டங்களில் பூஞ்சாணக்கொல்லி அடித்த அன்று 23 மாணவர்களுக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் உடம்பு முடியாமல் போனது. ஒயின் என்றாலே பெருமைப்படும் ஊர்களில், தோட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாய்திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்ததற்கு இந்த மாதிரிச் சம்பவங்கள் முக்கியக் காரணம்.

மண்ணுக்கு என்ன ஆனது? பிரான்ஸின் இன்னொரு பேர்போன ஒயின் பகுதியான பர்கண்டியில் பொட்டாஷை அள்ளிக் கொட்டியதன் விளைவு ஒயினிலேயே தெரிந்தது. திராட்சைப் பழத்துக்குப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். மண்ணிலிருந்து பொட்டாசியம் அளவுக்கு மீறிப் பழத்துக்கு ஏறினால், அது இந்த அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து இறங்கிவிடும். புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று இருக்கும், நீண்ட காலம் தாங்காது. களைக்கொல்லி அடித்த நிலத்தில் உழவு தேவையில்லாமல் போனது, உரம் மேல்மண்ணிலேயே கிடைத்தது, அதனால் வேரும் கீழே போகாமல் மேலேயே படர்ந்தது. எந்த மண்ணுக்காக ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு விலையோ அந்த மண்ணைக் கொடி தொடவே இல்லை. பர்கண்டி மண்ணை ஆராய்ந்த குளோத் பூர்கினியோன் என்ற நுண்ணுயிரியலாளர், அங்குள்ள சில தோட்டங்களில் சகாரா பாலைவன மணலைவிடக் குறைவான உயிர்தான் இருக்கிறது என்று சொன்னது பெரிய அதிர்ச்சியைக் கிளப்பியது. பர்கண்டியின் பேர்போன பண்ணைகள் சில 1980களிலும் 90களிலும் வழியை மாற்றிக்கொண்டதற்கு அவர் ஒரு காரணம்.

ஆக, பழைய பண்ணையை மீட்பது என்று சொல்லும்போது நம் மனதில் வரும் படம் பெரும்பாலும் தவறானது. கூரை ஒழுகும் மாளிகை, ஒட்டடை பிடித்த பாதாள அறை, அதைப் பணக்காரர் ஒருவர் வாங்கிப் புதுப்பிக்கிறார் என்று நினைப்போம். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் மிக மோசமாகப் பாழடைந்திருந்த பண்ணைகளில் பலவற்றின் மாளிகை பளபளவென்று இருந்தது, ஒயினும் விற்றுக்கொண்டிருந்தது. பாழானது தரைக்கு ஒரு அடிக்குக் கீழே.

லுவார் ஆற்றங்கரையில் குலே த செரான் என்று 7 ஹெக்டேர் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1130இல் சிஸ்டர்சிய துறவிகள் கொடி நட்ட இடம். இதன் உரிமையாளர் நிக்கோலா ஜோலி வங்கியாளராக இருந்துவிட்டு 1970களின் இரண்டாம் பாதியில் குடும்பத் தோட்டத்துக்குத் திரும்பியவர். நவீனமாகச் செய்யுங்கள், களைக்கொல்லி அடித்தால் செலவு மிச்சம் என்று வந்த ஆலோசனையைக் கேட்டு அப்படியே செய்ததாகவும், இரண்டே வருடத்தில் மண்ணின் நிறம் மாறியதையும் தோட்டத்தில் கவுதாரி இல்லாமல் போனதையும் தன் கண்ணால் பார்த்ததாகவும் அவர் சொல்லுவார். 850 வருடமாக விளைந்த இடம், இரண்டு வருடத்தில். 1980களின் தொடக்கத்தில் அவர் உயிராற்றல் வேளாண்மைக்கு மாறி, அதன் முக்கியமான பிரசாரகர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார்.

உயிராற்றல் வேளாண்மை நம்மூர் இயற்கை விவசாயிகளுக்கும் பழக்கமான விஷயம்தான். 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் நிகழ்த்திய உரைகளில் தொடங்கிய முறை. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, எடுத்துப் பார்த்தால் நாற்றமே இல்லாத கருப்பு உரமாக இருக்கும். கொம்பு சாண உரம் என்று இங்கேயும் பெயர். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 100 கிராம் எடுத்து, தண்ணீரில் போட்டு, ஒரு பக்கம் சுழற்றி நடுவில் பள்ளம் விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுழற்றி, இப்படியே ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். நிலவு நாள்காட்டி பார்த்து வேலை செய்வார்கள். 100 கிராம் சாணம் ஒரு ஹெக்டேரை மாற்றும் என்பதற்கோ, நிலவு கவாத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கோ உறுதியான அறிவியல் ஆதாரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் செயற்கை உரமும் களைக்கொல்லியும் நின்று, வரிசைகளுக்கு நடுவே அவரையும் கடுகும் புல்லும் மூடுபயிராக வந்து, மட்கு உரம் போன மண்ணில் மண்புழுவும் வேர்ப்பூஞ்சையும் கூடுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம் இன்னொன்று, இந்த முறைக்குள் வந்தவர் தினமும் தோட்டத்துக்குள் நடந்தாக வேண்டும். அட்டவணை பார்த்து மருந்தடிப்பவருக்கும் இலையைத் திருப்பிப் பார்த்து முடிவெடுப்பவருக்கும் இடையே மண் நிச்சயமாக வித்தியாசம் உணரும்.

இனி மெடோக்குக்கே வருகிறேன். போயாக் ஊரில், முத்தோன் ரோத்ஷில்ட் பண்ணைக்குப் பக்கத்திலேயே, போன்தே-கானே என்று 80 ஹெக்டேர் அளவில் ஒரு பண்ணை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போட்ட தரவரிசையில் ஐந்தாம் நிலை. 1975இல் கோன்யாக் பிராந்தி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த கி தெஸ்ரோன் வாங்கினார். 1994இல் மகன் அல்ஃப்ரெட் பொறுப்பேற்றார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ழான்-மிஷேல் கோம், 1989இல் வேலைக்கு வந்தவர். கோமும் அவர் மனைவியும் தங்களுடைய சிறிய தோட்டத்தில் இந்த முறையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் முதலாளியிடம் பேச்சை எடுத்தார்கள். 2004இல் 14 ஹெக்டேரில் சோதனை, அடுத்த ஆண்டே முழுப் பண்ணையும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மழை பெய்யும் மெடோக்கில், இவ்வளவு பெரிய பரப்பில் இது நடக்காது என்பதுதான் அன்றைக்கு அந்த ஊரின் பொது அபிப்பிராயம்.

2007 கோடையில் அந்த அபிப்பிராயம் ஜெயித்தது. மழை விடவில்லை, அடிச்சாம்பல் நோய் பரவியது. இங்கே ஒரு நுட்பத்தைச் சொன்னால்தான் அந்த நெருக்கடி புரியும். நவீன பூஞ்சாணக்கொல்லிகள் பலவும் செடிக்குள் ஊடுருவிப் போகும். அடித்துவிட்டு இரண்டு வாரம் நிம்மதியாக இருக்கலாம். செம்பு அப்படி இல்லை. இலையின் மேல் ஒரு பூச்சாக மட்டும் உட்காரும். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், புதிதாக விட்ட தளிருக்குப் பாதுகாப்பே இருக்காது. ஆக மழைக்கு முன்னால் அடிக்க வேண்டும், மழை விட்டதும் மறுபடி அடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் அடிக்க வேண்டும், அதுவும் சேறான தோட்டத்துக்குள் வண்டியை இறக்கி. பூக்கும் பருவத்தில் இரண்டு நாள் பிந்தினால் வருடம் போச்சு. அல்ஃப்ரெட் தெஸ்ரோன் பயந்துவிட்டார். செயற்கை மருந்து அடிக்க உத்தரவிட்டார். பயிர் தப்பியது, ஆனால் இயற்கை விவசாயச் சான்றிதழுக்காகச் சேர்த்த வருடங்கள் அழிந்தன. மூன்று வருட மாற்றக் காலத்தை முதலிலிருந்து தொடங்கி 2010இல்தான் சான்றிதழ் கையில் வந்தது. அந்த முடிவுக்காக அவர் பின்னால் வெளிப்படையாகவே வருத்தப்பட்டிருக்கிறார்.

2008இல் குதிரைகள் வந்தன. பார்ப்பவருக்கு அழகு, படம் எடுக்கத் தோன்றும். ஆனால் காரணம் எளிமையானது. டிராக்டர் வருடம் முழுக்க அதே தடத்தில்தான் ஓடும், சக்கரத்துக்குக் கீழே மண் கல்லாக இறுகும், தண்ணீரும் காற்றும் இறங்காது, வேர் அந்தப் பக்கமே போகாது. குதிரையின் குளம்பு ஒரே கோட்டில் விழுவதில்லை. உழுகிறவரும் பின்னாலேயே நடப்பதால், கலப்பை ஒரு வேரில் தட்டினால் கைக்குத் தெரியும், நிறுத்திவிடுவார். இறந்துபோன கொடிகளுக்குப் பதிலாக மொத்த வயலையும் பிடுங்கி நடாமல், செத்த இடத்தில் மட்டும் ஒவ்வொன்றாகப் புதுக்கொடி வைத்தார்கள். பச்சைக் குலைகளை வெட்டிக் கீழே தள்ளி விளைச்சலைக் குறைக்கும் வழக்கத்தையும் விட்டார்கள், கொடி தானே தன் சுமையைச் சமன்செய்துகொள்ளும் என்று. 2012இல் ஒயின் முதிரும் இடத்திலும் மாற்றம்: தங்கள் நிலத்துச் சரளையும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து வார்த்த கான்கிரீட் தாழிகள், ஒவ்வொன்றும் 900 லிட்டர். ஓக் பீப்பாயின் மணம் ஏறாமல் பழத்தின் சுவை நிற்க வேண்டும் என்று ஒரு பகுதி ஒயினை இதில்தான் வைக்கிறார்கள். 2009, 2010 இரண்டு ஆண்டு ஒயின்களுக்கும் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100க்கு 100 போட்டார். ஐந்தாம் நிலைப் பண்ணைக்கு இது சாதாரண விஷயமில்லை. கிண்டலடித்தவர்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிறகு 2018. வசந்தத்தில் 2007ஐப் போலவே விடாத மழை, அதே நோய். இந்த முறை தெஸ்ரோன் செயற்கை மருந்தைத் தொடவில்லை. விளைச்சலில் பெரும்பகுதி போனது. ஹெக்டேருக்கு 10 ஹெக்டோலிட்டர், அதாவது 1,000 லிட்டர் அளவுக்குத்தான் ஒயின் வந்தது. நல்ல ஆண்டில் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு எடுக்கலாம். பக்கத்து மார்கோ பகுதியில், 2014 முதல் முழுதாக இதே முறைக்கு மாறியிருந்த ஷாத்தோ பால்மருக்கும் அதே கதி, ஹெக்டேருக்கு 11. அவர்களால் அந்த ஆண்டு முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் விற்கும் தங்கள் இரண்டாம் ஒயினைத் தயாரிக்கவே முடியவில்லை, இருந்த பழத்தையெல்லாம் ஒரே ஒயினாக்கினார்கள். இரண்டு பண்ணையும் பின்வாங்கவில்லை. எனக்கு இந்த 2018 முடிவு 100 மதிப்பெண்ணைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதைவிட நீண்ட பொறுமைக்கு உதாரணம் வேண்டும் என்றால் பர்கண்டியின் ரொமானே-கொன்தி. இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத தோட்டம். பிரான்ஸ் ஏறக்குறைய முழுக்க அமெரிக்க வேருக்கு மாறியபிறகும் இங்கே பழைய கொடிகளைச் சொந்த வேரிலேயே வைத்திருந்தார்கள், மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடு ஊசி போட்டு ஃபில்லாக்செராவைத் தள்ளிவைத்து. போர்க்காலத்தில் அந்த ரசாயனமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 1945இல் கிடைத்தது அறுநூற்றுச் சொச்சம் பாட்டில்தான். அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டு, அதே பண்ணையின் லா தாஷ் என்ற தோட்டத்துக் குச்சிகளிலிருந்து வளர்த்த ஒட்டுச்செடிகளை நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. அடுத்தது 1952தான். 1970களில் மற்றவர்கள் ஒரே தாய்ச்செடியின் நகல்களை நட்டு வயலை நிரப்பியபோது, இப்படிப் பழைய கொடிகளில் பலவற்றைத் தேர்ந்து குச்சி எடுத்து நட்டவர்களிடம்தான் இன்று பினோ நுவார் திராட்சை ரகத்தின் பன்முகம் மிஞ்சியிருக்கிறது. நம்மூரில் பாரம்பரிய நெல் ரகங்களைக் காப்பாற்றியவர்கள் செய்ததும் இதே வேலை.

இப்போது துத்தத்துக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் பலரும் சொல்லாமல் விடும் பகுதி இது. இயற்கை முறையிலும் அடிச்சாம்பலுக்குச் செம்புதான் முக்கிய மருந்து. செம்பு சிதையாது, மட்காது. 1885 முதல் அடித்ததெல்லாம் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே வருகிறது, மண்புழுவுக்கும் பூஞ்சைக்கும் அது நல்லதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது: 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ, சராசரியாக ஆண்டுக்கு 4. உலர்ந்த ஆண்டில் இது போதும், 2018 மாதிரி ஆண்டில் போதாது. நோயைத் தாங்கும் புது ரகங்கள் ஒரு வழி. பிரான்ஸின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய விதோக், அர்தபான், ஃப்ளோரேயால், வோல்தி நான்கும் 2018இல் அனுமதி பெற்றன, தெளிப்பு பெருமளவு குறைகிறது. ஆனால் 1855 தரவரிசைப் பண்ணை ஒன்று கபர்னே சோவின்யோனைப் பிடுங்கிவிட்டு விதோக் நடுமா? நடாது, அதன் பெயரே அந்த ரகத்தின்மேல்தான் நிற்கிறது. வெப்பம் கூடிவருவதால் போர்டோவில் 2021இல் ஆறு புது ரகங்களை அனுமதித்தார்கள், அதுவும் பரப்பில் 5 சதவீதத்துக்குள். செயின்ட்-எமிலியோன் ஊரின் ஷெவால் பிளாங் உழவையே நிறுத்தி, மூடுபயிரை வைத்து, திராட்சை வரிசைகளுக்கு நடுவே மரங்களையும் நட்டு நிழலுக்கும் உயிருக்கும் வேறொரு வழி தேடுகிறது. குதிரையால் உழுவதா, உழாமலே விடுவதா என்பதில் இந்தப் பண்ணைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

நான் இதுவரை சொன்ன பண்ணைகள் எல்லாம் ஒரு வருட விளைச்சல் போனாலும் தாங்கக்கூடியவை. 1855 பட்டியலில் சிவப்பு ஒயின் பண்ணைகள் 61. போர்டோவில் மற்ற ஆயிரக்கணக்கான விவசாயிகள் விற்கும் ஒயினுக்கு அந்த விலை கிடையாது, வாங்க ஆளும் குறைந்துவிட்டது. 2023இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொல்லும் திட்டம் வந்தது, இலக்கு சுமார் 9,500 ஹெக்டேர். இந்த விவசாயி மூன்று வருட மாற்றக் காலத்தில் இயற்கை முறையின் செலவைச் செய்துகொண்டே சாதாரண விலைக்கு விற்க வேண்டும், நடுவில் ஒரு ஈரமான மே மாதம் வந்தால் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் கருவிகளைத் தனியாக வாங்க முடியாமல், பிரான்ஸில் நீண்ட காலமாக இருக்கும் கூட்டுறவு முறையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாங்குகிறார்கள். சாதாரண நாளில் அது நல்ல ஏற்பாடு. மழை ஒரு வாரம் கொட்டிவிட்டு, மறுபடி கொட்டுவதற்கு முன் அரை நாள் வெயில் அடிக்கும்போது, ஐந்து தோட்டத்துக்கும் அதே தெளிப்பான் அதே நேரத்தில் வேண்டும்.